கையை விட்ட ரிமோட் ஏன் நேரே ரீவிக்கே போகிறது?

போன ஆவணி விடுமுறையில் திருகோணமலை உப்புவெளியில் என் அக்கா வீட்டு ஹோலில் பிள்ளைகள் கேம் விளையாடும்போது ரீவி உடைந்தது. கனடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்து கொடுத்த பழைய கேம் பெட்டி அது, ரிமோட்டைக் கையில் பிடித்து வீசி விளையாடுகிற வகை. மருமகனுக்குப் பதினொரு வயது. மூன்றாவது தடவை கையை வீசியபோது ரிமோட் கையை விட்டுப் போய்த் திரையின் நடுவில் பட்டது. ஒரு சத்தம்தான் கேட்டது, பாதித் திரை கறுத்துப் போனது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மலிவான ரீவி என்றார் ஒருவர். கேம் போட்டால் ரீவி சூடாகிக் கண்ணாடி பலமிழந்துவிடும் என்றார் இன்னொருவர். மற்ற எல்லாருமே பெடியனுக்கு அடக்கமில்லை என்றார்கள், அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை, ஏனென்றால் சொல்லப்பட்ட மூன்று காரணமும் பிழை. உண்மையில் என்ன நடக்கிறது என்று விளங்கினால் பிள்ளையை ஏசவும் தேவையிருக்காது, அடுத்த ரீவியையும் காப்பாற்றலாம். அதனால் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு விஞ்ஞானம் மறந்துபோனவர்களும் தைரியமாகப் படிக்கலாம்.

கை ஒரு கவண்

வயலில் கிளி விரட்டுகிற கவணைப் பார்த்திருப்பீர்கள். கல்லை வைத்துத் தலைக்கு மேலே சுழற்றி, ஒரு முனையை விட்டால் கல் பறக்கும். கல் சுற்றிச் சுற்றியே போவதில்லை, விட்ட கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே நேர்கோட்டில் போகும். வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகிற அந்த நேர்கோட்டைத்தான் பள்ளிக்கூடத்தில் தொடலி என்று படித்தோம்.

தோளிலிருந்து கை, கையின் நுனியில் ரிமோட். கையை வீசினால் ரிமோட் ஒரு வட்டத்தின் துண்டில் போகிறது. அதை அந்த வட்டத்தில் பிடித்து வைத்திருப்பது உங்கள் விரல்கள்தான், வேறொன்றும் இல்லை. விரல் தளர்ந்தால் தொடலி வழியே போகும்.

சரி, ஏன் ரீவிக்கே போகவேண்டும், பக்கத்துச் சுவருக்கோ கதவுக்கோ போகக் கூடாதா? விளையாடுபவர் ரீவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், ரீவிப் பக்கமாகவே வீசுகிறார். கை கீழே வந்து முன்னுக்கு எழும்பத் தொடங்குகிற இடத்தில்தான் வேகம் மிக அதிகம், அந்த இடத்துத் தொடலி நேரே முன்னால் இருப்பதைக் காட்டுகிறது. முன்னால் இருப்பது ரீவி.

போலிங் விளையாட்டுத்தான் இதில் ஆபத்தானது. கிரிக்கெட் போலிங்கைச் சொல்லவில்லை, பாரமான பந்தை உருட்டிக் கட்டைகளை விழுத்துகிற போலிங். இந்த வகைக் கேம்களில் எல்லாருக்கும் தெரிந்தது நின்டெண்டோ கம்பனியின் வீ என்கிற பெட்டி. அதில், பந்தைப் பிடித்திருப்பதற்கு ரிமோட்டின் அடியில் உள்ள பொத்தானை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு கையை வீசவேண்டும், பந்தை விடவேண்டிய இடத்தில் அந்த ஒரு விரலை மட்டும் எடுக்கவேண்டும். இப்போது யோசித்துப் பாருங்கள், பிறந்ததிலிருந்து எதையாவது உருட்டும்போதும் எறியும்போதும் எல்லா விரலையும் சேர்த்து விரித்தே பழகிய கைக்கு, முழு வேகத்தில் வரும்போது ஒரு விரலை மட்டும் எடு, மற்ற நான்கையும் இறுக்கிப் பிடி என்று சொல்கிறோம். பெரியவர்களுக்கே அது பிழைக்கும். மருமகனும் போலிங்தான் விளையாடிக்கொண்டிருந்தான்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: வீசுகிற கை கவண் மாதிரி வேலை செய்கிறது, விரல் தளர்ந்தால் ரிமோட் நேர்கோட்டில் போகிறது, விளையாட்டின் அமைப்பே அந்தக் கோட்டை ரீவிப் பக்கம் திருப்பி வைக்கிறது.

எவ்வளவு பலமாகப் படும்?

வீ ரிமோட் மின்கலங்களோடு ஏறக்குறைய 150 கிராம் நிறை. கிரிக்கெட் லெதர் பந்து 156 முதல் 163 கிராம். ஆக, வீட்டு ஹோலில் லெதர் பந்து எறிய விடமாட்டோம் என்கிற அதே நாம், கிட்டத்தட்ட அதே நிறையுள்ள, அதுவும் மூலைகள் உள்ள ஒரு பொருளை ரீவியைப் பார்த்து வீசச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுக்கிறோம். மக்கெய்சர் மைதானத்தில் லெதர் பந்து விளையாடிய யாரிடமும் கேளுங்கள், அது வந்து பட்டால் எப்படி இருக்கும் என்று.

கையை நன்றாக வீசினால் நுனியில் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் வரலாம். மணிக்கு 36 கிலோமீற்றர், டவுனுக்குள் ஓடுகிற ஓட்டோவின் வேகம். அப்படி ஓடுகிற பொருளிடம் இருக்கிற, மோதும்போது வெளியே வருகிற சக்திக்கு இயக்கசக்தி என்று பெயர். 150 கிராம், செக்கனுக்கு 10 மீற்றர் என்றால் 7.5 யூல். எண்ணைவிட இப்படிச் சொன்னால் விளங்கும்: 150 கிராம் மாங்காய் ஒன்று 5 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மாடி வீட்டு மொட்டை மாடியிலிருந்து, கீழே கிடக்கிற கண்ணாடித் தட்டின் மேல் விழுவதற்குச் சமம்.

வேகம் இரண்டு மடங்கானால் இந்தச் சக்தி இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். இதை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும். இன்னொன்று, ரிமோட்டுக்கும் ரீவிக்கும் நடுவில் இரண்டரை மீற்றர் இருந்தால் அந்தத் தூரத்தைக் கடக்கக் கால் செக்கன் போதும். பக்கத்தில் நிற்கிறவர் பாய்ந்து பிடிப்பார் என்று நம்பக் கூடாது.

வியர்த்த கை

அதே 10 மீற்றர் வேகத்தில், தோளிலிருந்து 70 சென்ரிமீற்றர் தூரத்தில் சுற்றுகிற ரிமோட்டை வட்டத்துக்குள் வைத்திருக்க விரல்கள் ஏறக்குறைய 2 கிலோச் சீனிப் பையைத் தூக்குகிற அளவுக்கு இழுக்கவேண்டும். வேகம் ஒன்றரை மடங்கானால் அது 5 கிலோவுக்குக் கிட்டப் போய்விடும். பிளாஸ்டிக் வழுவழுப்பானது, பிடியைத் தாங்குவது உராய்வு மட்டும்தான், அதாவது இரண்டு மேற்பரப்பு ஒன்றோடொன்று தேய்ந்து வழுக்காமல் நிற்கிற குணம். நம் ஊரில் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் ஹோலில் சும்மா இருந்தாலே உள்ளங்கை நனைந்துவிடும், அதில் அரை மணித்தியாலம் துள்ளி விளையாடிய பிள்ளையின் கை எப்படி இருக்கும்? அடக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வியர்த்த கை வழுக்கத்தான் செய்யும்.

வலைக்காரரின் கயிறு

உள்துறைமுகத்துக் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் வீச்சுவலை போடுகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? உடம்பைத் திருப்பி, முழுப் பலத்தோடு வலையை விடுகிறார்கள், வலை பூப்போல விரிந்து விழுகிறது. விடத்தான் வேண்டும், விடாவிட்டால் அது விரியாது. ஆனால் வலையின் கயிற்று முனை மணிக்கட்டில் சுருக்குப் போட்டிருக்கும். கை விட்டாலும் கயிறு விடாது. வீசுகிற பொருளை உடம்போடு கட்டிக்கொண்டுதான் வீசவேண்டும் என்பது நம் கடற்கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம்.

ரிமோட்டில் தொங்குகிற வார் அந்தக் கயிறுதான். பலர் அதைப் போன் கவரில் தொங்குகிற மணி மாதிரி அலங்காரம் என்று நினைக்கிறார்கள், சிலர் இடைஞ்சல் என்று கழற்றியே வைத்துவிடுகிறார்கள். பழைய பெட்டி கைமாறி வரும்போது வார் இல்லாமலே வருவதும் உண்டு. அக்கா வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான்.

வார் இருந்தும் அறுந்த கதை ஒன்று உண்டு, அது உலகம் முழுக்கத் தெரிந்த கதை. வீ 2006 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒரு மாதத்துக்குள்ளேயே வார் அறுந்து ரிமோட் பறந்த செய்திகளும், உடைந்த ரீவிகளின் படங்களும் இணையத்தில் பரவின. டிசம்பரில் நின்டெண்டோ ஏறக்குறைய 32 இலட்சம் வார்களை இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. முதலில் இருந்த நூல் 0.6 மில்லிமீற்றர் தடிமன், புதியது 1 மில்லிமீற்றர்.

இவ்வளவு சின்ன மாற்றத்தால் என்ன வரப்போகிறது என்று தோன்றலாம். கயிற்றின் பலம் அதன் குறுக்கு வெட்டுப் பரப்பில், அதாவது கயிற்றை வெட்டினால் தெரிகிற வட்டத்தின் அளவில், தங்கியிருக்கிறது. தடிமன் 0.6 இலிருந்து 1 ஆனால் அந்த வட்டம் கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. அந்தப் பலம் உண்மையாகவே தேவை, ஏனென்றால் கையை விட்ட ரிமோட்டை வார் மெதுவாக நிறுத்துவதில்லை, இரண்டு சென்ரிமீற்றர் இழுபடுவதற்குள் சட்டென்று நிறுத்துகிறது. மேலே சொன்ன 7.5 யூலை அவ்வளவு குறுகிய தூரத்தில் நிறுத்தினால், அந்த ஒரு கணத்துக்கு நூலில் 38 கிலோ தொங்குவது மாதிரி இழுப்பு வரும். கிணற்று வாளியை மெல்ல இறக்கினால் தாங்குகிற கயிறு, வாளியைத் தூக்கி எறிந்தால் அறுந்துபோகும் அல்லவா, அதே கணக்கு.

2007 ஒக்டோபரில் ரிமோட்டுக்கு மேலே போடுகிற சிலிக்கோன் உறையையும் அவர்கள் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது இரண்டு வேலை செய்கிறது: வழுக்காமல் பிடிக்க உதவுகிறது, எதிலாவது பட்டால் மெத்தை மாதிரி அமுங்கி அடியை மட்டுப்படுத்துகிறது. உங்களிடம் உறை இருந்தால் கழற்றாதீர்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

பஸ்ஸுக்குள்ளே கண்ணை மூடினால்

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமான பகுதி. பெரும்பாலானவர்கள் பலமாக வீசினால்தான் கேமுக்கு விளங்கும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்புத்தான் ரீவியை உடைக்கிறது.

கந்தளாயிலிருந்து டவுனுக்கு வருகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். பஸ் ஒரே வேகத்தில் நேராக ஓடும்வரை அது போகிறதா நிற்கிறதா என்று உடம்புக்குத் தெரியாது. தம்பலகாமம் சந்தியில் ட்ரைவர் பிரேக் அடித்தால் முன்னுக்குச் சரிகிறீர்கள், திரும்ப எடுத்தால் பின்னுக்குச் சரிகிறீர்கள். உடம்புக்குத் தெரிவது வேகம் இல்லை, வேகம் மாறுகிற விதம். அதற்கு ஆர்முடுகல் என்று பெயர்.

ரிமோட்டுக்குள் அதே மாதிரி ஒரு பயணி நிற்கிறார். சிலிக்கனில் செய்த, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன நிறை ஒன்று, அதைவிடச் சின்ன வில்களில் தொங்குகிறது. ரிமோட்டை அசைத்தால் அந்த நிறை ஒரு பக்கம் சரியும், எவ்வளவு சரிந்தது என்பதை மின்சாரத்தால் அளப்பார்கள். இந்தக் கருவிதான் ஆர்முடுகல்மானி. போனைச் சரித்தால் திரை திரும்புகிறதே, அதுவும் இதே கருவியால்தான்.

எந்த அளவுகருவிக்கும் ஒரு உச்சம் உண்டு. 5 கிலோ வில் தராசில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் முள் 5 இல் போய் முட்டி நிற்கும், அதற்கு மேல் 20 ஆனாலும் 50 ஆனாலும் தராசுக்கு ஒன்றுதான். வீ ரிமோட்டின் ஆர்முடுகல்மானி, கீழே விழுகிற பொருளுக்குப் புவியீர்ப்பு தருகிற ஆர்முடுகலைப்போல ஏறக்குறைய 3 மடங்குவரை அளக்கச் செய்யப்பட்டது. முழுக் கையையும் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வீசினால் வருவதோ 14 மடங்கு. அதில் மிகப் பெரிய பங்கை ரிமோட் காணவே இல்லை, முள் முட்டி நிற்கிறது.

இப்போது தோளை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். வட்டம் சின்னது, 15 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம், வேகம் செக்கனுக்கு 2 மீற்றர். சின்ன வட்டத்தில் திசை சட்டென்று மாறுவதால் அந்தக் குறைந்த வேகத்துக்கே கிட்டத்தட்ட 2.7 மடங்கு வந்துவிடுகிறது. ரிமோட்டின் கண்ணில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் ரீவியின் பக்கமிருந்து பாருங்கள், வேகம் ஐந்தில் ஒன்றானதால் இயக்கசக்தி இருபத்தைந்தில் ஒன்றாகிவிட்டது. கையை விட்டுப் போனாலும் பெரும்பாலும் நிலத்தில் விழுந்து உருளும்.

2009 இல் வந்த மோஷன் பிளஸ் என்கிற துணைக்கருவி, ரிமோட் எவ்வளவு திரும்புகிறது என்பதையும் தனியாக அளந்தது. அது வந்த பிறகு மெதுவான அசைவுகூடத் திரையில் ஒழுங்காகத் தெரிந்தது, பலம் இன்னும் தேவையில்லாமல் போனது.

ரீவிக்குக் கீழே வைக்கிற நீளமான பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பிள்ளைகள் கிட்டக் கிட்டப் போகிறார்கள். அந்தப் பட்டை ஒன்றையும் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத செங்கீழ் ஒளி தருகிற சின்ன விளக்குகள்தான், அகச்சிவப்பு என்றும் சொல்வார்கள். பார்க்கிற கமரா ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. பட்டைக்குப் பதிலாக இரண்டு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாலும் திரையில் ரிமோட் காட்டுகிற இடத்துக்கு நகர்கிற சுட்டி வேலை செய்யும். அதனால் கேம் சரியாகப் பிடிக்கவில்லை என்று ரீவியை நெருங்குவதில் பிரயோசனம் இல்லை, பின்னுக்கு வாருங்கள்.

சுருக்கிச் சொன்னால், ரிமோட் அளப்பது பலத்தை இல்லை, அசைவின் திடீர்த்தன்மையை. அதை மணிக்கட்டே கொடுத்துவிடும்.

ஏன் இந்தக் காலத்துத் திரை தாங்குவதில்லை?

அந்தக் காலத்துப் பெட்டி ரீவியில் பந்து பட்டிருக்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அந்தக் குழாய்க்குள் காற்று இல்லை, வெற்றிடம். வெளியே உள்ள காற்று ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறக்குறைய 1 கிலோ பாரத்தோடு அழுத்துகிறது, 21 அங்குலத் திரையென்றால் முழுவதும் சேர்த்து ஒரு தொன்னுக்கு மேல். அதைத் தாங்கத்தான் முன்கண்ணாடியைத் தடிப்பாகச் செய்தார்கள். வீ வந்த வருடங்களில்தான் உலகம் முழுக்க வீடுகள் அந்தப் பெட்டிகளை விட்டுத் தட்டை ரீவிக்கு மாறிக்கொண்டிருந்தன, வீசுகிற விளையாட்டும் மெல்லிய திரையும் ஒரே நேரத்தில் ஹோலுக்குள் வந்து சேர்ந்தன.

இப்போதுள்ள எல்சிடி திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 0.5 முதல் 0.7 மில்லிமீற்றர், உங்கள் வங்கி அட்டையைவிட மெல்லியது. இரண்டுக்கும் நடுவில், தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில், திரவப் பளிங்கு நிரப்பியிருக்கிறார்கள். பாயக்கூடியதாக இருந்தாலும் அணுக்கூட்டங்கள் வரிசையாக அடுக்கி நிற்கிற ஒரு பொருள் அது, மின்சாரம் கொடுத்தால் வரிசை திரும்பி ஒளியை விடும் அல்லது மறைக்கும். முன்னால் ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். அதற்கு மேலே தனியாகப் பாதுகாப்புக் கண்ணாடி பெரும்பாலான ரீவிகளில் கிடையாது, விலை கூடிய ரீவியிலும் இதே கதைதான். மலிவு ரீவி என்றவருக்கு இதுதான் என் பதில்.

மாபிள் பதித்த வீட்டில் ஒன்று கவனித்திருப்பீர்கள், அடியில் சீமெந்து நிறைந்திருக்கிற இடத்தில் அம்மிக்குழவி விழுந்தாலும் தாங்கும் மாபிள், அடியில் பொள்ளலாக இருக்கிற இடத்தில் சின்ன அடிக்கே வெடிக்கும். ரீவித் திரை முழுவதுமே பொள்ளலில் நிற்கிறது. ஓரங்களில் மட்டும் பிடித்திருக்கிறார்கள், நடுவில் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லை. ரிமோட்டின் மூலை பட்டால் கண்ணாடி உள்ளுக்கு வளைகிறது, அப்போது அதன் பின்பக்கம் இழுபடுகிறது. அமுக்கினால் நன்றாகத் தாங்குகிற கண்ணாடி இழுத்தால் தாங்காது, கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலிலிருந்து வெடிப்புத் தொடங்கி ஓடும். சூட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, கேம் ஓடும்போது ரீவி செய்வது படம் காட்டுகிற அதே வேலையைத்தான்.

உடைந்த திரையில் தெரிகிற கோடுகளுக்கும் காரணம் இதுதான். பின்கண்ணாடியில் நெடுக்கும் குறுக்குமாக ஆயிரக்கணக்கான நுண்ணிய மின்கோடுகள் ஓடுகின்றன. வெடிப்பு ஒரு கோட்டை அறுத்தால் அந்தக் கோட்டில் உள்ள புள்ளிகளுக்கு மின்சாரம் போகாது, மேலிருந்து கீழ்வரை ஒரு வரி செத்துப்போகும். மை ஊற்றியது மாதிரி விரிகிற கறுப்பு, திரவப் பளிங்கு தன் இடத்தை விட்டு விலகியது.

உடைந்த பிறகு

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். கறுத்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்காதீர்கள், வெடிப்பு இன்னும் ஓடும், கையும் வெட்டும்.

வாகனக் கண்ணாடி வெடிப்பைப் பிசின் விட்டு அடைக்கிறார்களே, இதையும் அப்படிச் செய்யலாமா என்று அக்கா கேட்டா. முடியாது. அங்கே அடைப்பது கண்ணாடியின் வெடிப்பை மட்டும், இங்கே அறுந்தது உள்ளே ஓடுகிற மின்கோடு. திரையையே மாற்றவேண்டும், ரீவியின் விலையில் மிகப் பெரிய பங்கு திரைதான் என்பதால் பழுது பார்க்கும் செலவு புது ரீவியின் விலைக்குக் கிட்டப் போய்விடும். வாரண்டியும் பொதுவாக அடிபட்டு உடைந்ததற்குச் செல்லாது. ஆனால் பின்விளக்கும் மின்பலகைகளும் அநேகமாக நல்லாகவே இருக்கும், பாட்ஸுக்கு எடுக்கிற திருத்துநர்கள் இருக்கிறார்கள், குப்பையில் போடமுன் விசாரியுங்கள்.

பிறகு வந்த கருவிகளையும் சொல்லிவிடுகிறேன். 2017 இல் வந்த நின்டெண்டோவின் சுவிட்ச் பெட்டிக்குரிய ஜோய்கொன் என்கிற கைக்கருவி ஒன்று 50 கிராமுக்குக் கிட்டத்தான், டென்னிஸ் பந்தைவிடச் சற்றுக் குறைவு, அடி குறையும் என்றாலும் வார் கட்டாயம். உடம்பின் அசைவைக் கமராவால் பார்க்கிற கினெக்டில் கையில் ஒன்றுமே இல்லை, அங்கே பறக்க எதுவும் கிடையாது, கைதான் மின்விசிறியிலோ ரீவியிலோ போய் அடிபடும். கண்ணை மூடுகிற விஆர் கவசம் போட்டவருக்கு ஹோல் எங்கே, ரீவி எங்கே என்றே தெரியாது, அவரை ரீவிக்குக் கிட்ட நிற்கவே விடாதீர்கள்.

அக்கா வீட்டில் இப்போது வேறொரு ரீவி இருக்கிறது. ரிமோட்டுக்கு வார் ஒன்று தேடி வாங்கிப் போட்டேன், நிலத்தில் ரீவியிலிருந்து இரண்டரை மீற்றரில் டேப் ஒட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று ஒரு ஒழுங்கு. பக்கத்தில் கை துடைக்க ஒரு சாரத் துண்டு கிடக்கும். மருமகன் முதலில் விளையாடவே பயந்தான். தோளை ஆட்டாமல் மணிக்கட்டை மட்டும் சுண்டச் சொல்லி, நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பந்து போட்டோம். மூன்றாவதை அவனே போட்டான், பத்துக் கட்டையும் விழுந்தன.